ஒரே விதையில் எட்டு மரபணுக்கள்: அனுமதி கொடுப்பது எப்படி?

[திரையில்: ஒரு மக்காச்சோள விதை]

இது ஸ்மார்ட்ஸ்டாக்ஸ் மக்காச்சோளம். வெளியிலிருந்து சேர்த்த எட்டு மரபணுக்கள் இதற்குள் இருக்கின்றன. ஆறு, பூச்சியைக் கொல்லும் பி.டி. புரதங்களுக்கானவை; பி.டி. என்பது அந்தப் புரதங்களின் மூலமான ஒரு மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். மற்ற இரண்டும், களைக்கொல்லி தெளித்தாலும் பயிர் கருகாமல் காப்பவை. அமெரிக்காவும் கனடாவும் 2009-இல் இதை அனுமதித்தன.

எட்டையும் ஆய்வகத்தில் ஒன்றாகச் செருகவில்லை. ஏற்கெனவே இருந்த நான்கு மரபணு மாற்ற ரகங்களை வழக்கமான மகரந்தச் சேர்க்கையால் கலந்தார்கள். சரி, நான்கையும் தனித்தனியாகச் சோதித்தாயிற்று. சேர்ந்ததை மறுபடி சோதிக்க வேண்டுமா?

அமெரிக்க வேளாண் துறை இப்படிப்பட்ட கலப்பைப் புதிதாகப் பரிசீலிப்பதில்லை. அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மட்டும், பூச்சிக்கொல்லிப் புரதங்கள் ஒன்றுசேர்ந்தால் தனிப் பதிவு கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ இதைப் புதிய பயிராகவே கருதித் தனி அனுமதி கேட்கிறது.

[திரையில்: உரித்த கதிர், அருகில்]

ஐரோப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. கதிரைப் பாருங்கள். விதைத்தது வீரிய ஒட்டு விதை. ஆனால் கதிரில் முற்றும் மணிகள் அடுத்த தலைமுறை. நான்கு ரகங்களிலிருந்து வந்த பண்புகள் அங்கே பிரிந்துவிடும். ஒரு மணியில் நான்கும் இருக்கும், பக்கத்து மணியில் இரண்டுதான் இருக்கும். நான்கில் இரண்டோ மூன்றோ சேரும் விதங்கள் மட்டுமே 10. சந்தைக்கு வருவது இந்தக் கலவைதான். அதனால் இந்தச் சேர்க்கைகளையும் அங்கே மதிப்பிடுகிறார்கள்.

அடுத்தது பூச்சி. எனக்குப் பெரிய கவலை இதில்தான். ஒரு நச்சைத் தாங்கும் புழுவை இன்னொரு நச்சு கொன்றுவிடும் என்பதுதான் இப்படிப் பல மரபணுக்களை ஒரே விதையில் அடுக்குவதன் கணக்கு. அதை நம்பித்தான், அமெரிக்க மக்காச்சோளப் பகுதியில் பி.டி. அல்லாத பயிருக்கு ஒதுக்கும் புகலிடப் பரப்பை 20 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நச்சைத் தாங்காத புழுக்கள் அங்கே பிழைத்து, தாங்கும் புழுக்களோடு இணைசேர்ந்தால், தாங்கும் திறன் மெதுவாகவே பரவும்; அதற்குத்தான் புகலிடம். வேர்ப்புழுவுக்கு எதிராக இந்த விதையில் இருப்பது க்ரை3பிபி1 புரதமும், ஜோடியாக வேலை செய்யும் வேறு இரண்டு புரதங்களும். அயோவா மாநிலத்தில் 2009-இல் சேகரித்த வேர்ப்புழுக்கள் சில க்ரை3பிபி1-ஐத் தாங்கி நின்றதை, 2011-இல் வந்த ஆய்வு காட்டியது.

அப்படிப்பட்ட வயலில் இந்த விதையைப் போட்டால், வேர்ப்புழுவைப் பொறுத்தவரை வேலை செய்வது அந்த ஒரு ஜோடி மட்டும். புகலிடமோ அதே 5 சதவீதம். அதனால் அனுமதியை ஒருமுறை கொடுத்துவிட்டு விடக் கூடாது. எந்த வட்டாரத்தில் எந்தப் புரதம் இன்னும் பலிக்கிறது என்று வயலிலிருந்து தகவல் வாங்கி, புகலிட அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.