காட்டுக்குப் போற கன்னுக்கு கம்போஸ்ட் எவ்ளோ போடணும்?

வணக்கம்ங்க. ஸ்க்ரீன்ல ரெண்டு மரக்கன்னு தெரியுது பாருங்க, ரெண்டும் ஒரே மரத்து விதை, ஒரே நாள்ல போட்டது. இடது பக்கம் இருக்கறது வெறும் கம்போஸ்ட்லயே வளர்ந்தது, நல்லா உசரமா கரும்பச்சையா இருக்கு. வலது பக்கம் இருக்கறது கொஞ்சம் குட்டை, மண்ணோட கம்போஸ்ட்ட கலந்து வளர்த்தது. அழிஞ்ச காட்ட திரும்ப கொண்டு வர எத நடுவீங்கன்னு கேட்டா முக்கால்வாசி பேர் உசரமானதத்தான் காட்டுவாங்க. நான் குட்டையத்தான் எடுப்பேன்.

மொதல்ல கம்போஸ்ட் எதுக்குன்னு பார்த்துடலாம். நிறைய நர்சரில பை நெரப்ப காட்டு மேல்மண்ணையே சுரண்டி எடுக்கறாங்க, இல்லன்னா பீட் வாங்குறாங்க. பீட்ங்கறது சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்த பாதி மக்கின தாவரக் கழிவு. உலக நிலப்பரப்புல சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலம், ஆனா மண்ணுல இருக்கற கார்பன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அதுலதான் இருக்கு. அத தோண்டி எடுத்து காடு வளர்க்கறது எந்த வகையிலயும் நியாயமே இல்லங்க. நாம தூக்கிப் போடுற காய்கறி கழிவு, சருகு, சாணி, மரத்தூள் எல்லாமே மக்குனா பைக்குள்ள கன்னு வேர் விடற நல்ல கம்போஸ்ட்டா மாறும்.

ஆனா அப்படியே மாறாது. கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30க்கு 1ங்கற கணக்குல இருக்கணும், அதாவது ஈரக் கழிவோட சருகு தாராளமா சேரணும். குவியல் நல்லா சூடாகணும், 55 டிகிரி செல்சியஸுக்கு மேல சில நாள் நின்னாத்தான் களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் சாகும், அதனால அப்பப்ப கிளறி விட்டு வெளியில இருக்கறத உள்ள தள்ளுங்க, இல்லன்னா ஓரத்துல இருக்கற களை விதை தப்பிச்சு நர்சரி வழியா காட்டுக்கே போயிடும்.

சூடு எறங்குனதும் ரெடின்னு நெனைக்காதீங்க, பல கன்னு சாகறதே இந்த அவசரத்தாலதான். சரியா மக்காத கம்போஸ்ட்ல நுண்ணுயிர் இன்னும் வேலை செஞ்சுட்டு இருக்கும், கன்னுக்குப் போக வேண்டிய நைட்ரஜன அதுவே எடுத்துக்கும், அம்மோனியாவும் அமிலங்களும் இளம் வேர கருக்கிடும். சோதிக்கறது ஈஸி. ஈரமா ஒரு கை அள்ளி பையில கட்டி மூணு நாள் வச்சு திறங்க, மூக்கைத் துளைக்குற நாத்தமோ புளிச்ச வாடையோ வந்தா இன்னும் முதிரல. இன்னொன்னு, முள்ளங்கி விதைய கொஞ்சம் கம்போஸ்ட்லயும் கொஞ்சம் வெறும் மணல்லயும் போடுங்க, கம்போஸ்ட்ல முளைப்பு கம்மியா இருந்தா காத்திருங்க.

இப்ப அந்த உசரமான கன்னுக்கு வருவோம். வெறும் கம்போஸ்ட்ல சத்து கொட்டிக் கிடக்கு, வேர் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்ல, அதனால தண்டும் இலையும் ஏறுது, வேர் பின்தங்குது. பாஸ்பரஸ் அதிகமானா வேரோட கூட்டு சேர்ற மைக்கோரைசா பூஞ்சை சரியா ஒட்டாது, நைட்ரஜன் அதிகமானா பயறு குடும்பத்து மரங்கள்ல வேர் முடிச்சு, அதாவது காத்துல இருக்கற நைட்ரஜன பிடிச்சுத் தர்ற பாக்டீரியா தங்குற முடிச்சு, கொறையும். சத்து இல்லாத காட்டு மண்ணுல கன்ன காப்பாத்தப் போறதே இந்த ரெண்டு கூட்டும்தான், அத நர்சரிலயே கெடுத்துட்டு அனுப்புனா என்ன பண்ணும் அது? போதாததுக்கு வெறும் கம்போஸ்ட்ல உப்பு ஏறும், நாளாக நாளாக அமுங்கி காத்து போகாம தண்ணி தேங்கும்.

அதனால கலவையில கம்போஸ்ட் மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம், மீதிக்கு மணல், மண், இல்லன்னா நல்லா கழுவுன தென்னை நார்க்கழிவு. பாலித்தீன் பைய விட உள்பக்கம் நீள வரம்பு இருக்கற, ரூட் ட்ரெய்னர்ங்கற கன்னு வளர்க்கற குப்பி நல்லது, வேர் சுத்திக்காம நேரா கீழ எறங்கும். விதைய ஒரே மரத்துல எடுக்காம பல தாய் மரத்துல எடுங்க. கடைசி மாசத்துல நிழல், தண்ணி, உரம் மூணையும் படிப்படியா கொறைச்சு பழக்குங்க.

நடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உசரத்த சென்டிமீட்டர்ல எடுத்து, மண்ணு மட்டத்துல தண்டோட தடிமன மில்லிமீட்டர்ல அளந்து அதால வகுக்கணும். பொதுவா 6க்குள்ள வந்தா கன்னு திடமா இருக்குன்னு அர்த்தம். 30 சென்டிமீட்டர், 6 மில்லிமீட்டர்னா 5, தாராளமா நடலாம். 45க்கு 5னா 9, காத்துலயும் வெயில்லயும் தாங்கறது கஷ்டம்.

நட்ட எடத்துல பெரிய எதிரி புல்லுதான். கோஸ்டா ரிக்காவுல குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதில 1990கள்ல ஏறக்குறைய 12,000 டன் ஆரஞ்சு தோல ஒரு பழைய மேய்ச்சல் நிலத்துல கொட்டுனாங்க, சுமார் 3 ஹெக்டேர்தான் அது. 2017ல வந்த ஆய்வுல, கொட்டாத பக்கத்து நிலத்த விட அங்க தரைக்கு மேல இருக்கற மர உயிர்ப்பொருள், அதாவது தண்டு, கிளை, இலையோட மொத்த எடை, 176 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சுது. கழிவு புல்ல அமுக்குனதும் மண்ண வளமாக்குனதும் ரெண்டும் சேர்ந்து வேலை செஞ்சிருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதுக்காக பச்சைக் கழிவ கண்ட எடத்துல கொட்டிடாதீங்க, வழிஞ்சு ஓடுற கழிவுநீர் ஓடைக்குப் போனா அங்க இருக்கற உயிரெல்லாம் பாதிக்கும். உங்க கம்போஸ்ட்ட சலிக்கும்போது மேல தங்குற மக்காத குச்சி, தோல், ஓடு எல்லாத்தையும் எடுத்து வச்சு, நட்ட கன்ன சுத்தி நாலு விரல் கனத்துக்கு மூடாக்கா போடுங்க. தண்ட மட்டும் தொடாம ஒரு கை அகலம் விட்டுடுங்க, ஈரம் ஒட்டியே இருந்தா பட்டை அழுகிடும்.