45 பாகையில் மட்டும் விசிபிலிற்றி விழுவது ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்தில பௌதிகவியல் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "405 நனோமீற்றர் லேசர், குறுக்கா ஒட்டின ரெண்டு பிபிஓ பளிங்கு. 810 நனோமீற்றரில சோடிப் போட்டோன்கள் வருது. கிடை, நிலைக்குத்து அளவையில விசிபிலிற்றி 95 வீதம். 45 பாகையில 40 வீதம்தான். இதில குவாண்டம் பின்னல் இருக்கா?" (பிபிஓ எண்டது ஒரு போட்டோனை ரெண்டாப் பிரிக்கிற பளிங்கு. முனைவாக்கம் எண்டது ஒளி அதிருகிற திசை; அதை வடிகட்டுகிற முனைவாக்கியைத் திருப்பேக்க சோடி எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குது எண்டதுதான் விசிபிலிற்றி. பின்னல் எண்டது ரெண்டு போட்டோனையும் தனித்தனியா விவரிக்க ஏலாதபடி சேர்ந்திருக்கிற நிலை.)

இருக்கு. 0.95ஐயும் 0.40ஐயும் கூட்டுங்கோ, 1.35 வரும். பின்னல் இல்லாத சோடிகளால இந்தக் கூட்டுத்தொகையை 1க்கு மேல கொண்டுபோக ஏலாது. ஆனா வழமையான 22.5 பாகைப் படிகளில பெல் சோதனை (குவாண்டம் இல்லாத விளக்கம் தாங்குமா எண்டு பார்க்கிறது) செய்தீங்களெண்டால், அதின்ர பெறுபேறு S = √2 × 1.35, அதாவது 1.91. எல்லை 2. அதைத் தாண்ட கூட்டுத்தொகை 1.41ஐயாவது கடக்கவேணும்.

அந்த 95ஐ நம்பி இருக்காதேங்கோ. ஒரு பளிங்கு கிடைச் சோடியைத் தருது, மற்றது நிலைக்குத்துச் சோடியைத் தருது. எது எங்க பிறந்தது எண்டு முழுசாத் தெரிஞ்சாலும் அந்த 95 வரும். பின்னலின்ர உயிர் 45 பாகையிலதான். பிறந்த இடம் தெரியவே கூடாது.

என்ன பிழை எண்டு தேடுறதுக்கு முதல், எது பிழை இல்லை எண்டு பாருங்கோ. அறை வெளிச்சத்தால, அகலமான நேரச் சாளரத்தால தற்செயல் சோடிகள் கூடும். ஒவ்வொரு உணரியிலயும் செக்கனுக்கு 2 இலட்சம், சாளரம் 10 நனோசெக்கன் எண்டால், தற்செயலா மட்டும் செக்கனுக்கு 400 விழும். ஆனா அது 95ஐயும் சேர்த்துக் கெடுத்திருக்கும். லேசரின்ர முனைவாக்கம் சரியா 45இல இல்லாததும் காரணமில்லை: ரெண்டு பளிங்கும் 60க்கு 40 எண்டு தந்தாலும் விசிபிலிற்றி 98 வீதம் வரும்.

மிச்சம் மூண்டு. முதல்ல அவத்தை, அதாவது ஒரு அலை மற்றதை விட எவ்வளவு முந்திப் பிந்தி நிக்குது எண்டது. ரெண்டு சோடிக்கும் இடையில 65 பாகை அவத்தை நிண்டாலே 95 இருக்கிற இடத்தில 40க்கு இறங்கிவிடும். லேசர்ப் பாதையில, பளிங்குக்கு முன்னால ஒரு மெல்லிய குவாட்ஸ் தட்டை வைச்சு, அதின்ர அச்சைக் கிடையாவோ நிலைக்குத்தாவோ வைச்சு, மெதுவாச் சாயுங்கோ. முனைவாக்கிகளை ஒரு பக்கம் +45, மற்றப் பக்கம் −45 வைச்சு, சோடி எண்ணிக்கை ஆகக் குறையிற இடத்தில நிப்பாட்டுங்கோ. இது செலவில்லாத திருத்தம், இதை விட்டுட்டு வேறொண்டையும் தொடாதேங்கோ.

அப்பிடியும் ஏறேல்லையெண்டால், சேகரிக்கிற துவாரத்தைச் சிறுப்பியுங்கோ. திசைக்குத் திசை அவத்தை மாறும். அகலமான துவாரம் எல்லாத்தையும் கலந்து சராசரியாக்கிப்போடும். சிறுப்பிக்க ஏறினால் இதுதான் காரணம். எண்ணிக்கை குறையும், அதைப் பொறுக்கத்தான் வேணும்.

அதிலயும் ஏறாட்டி நேரம்தான். பளிங்குக்குள்ள 405 ஒளி 810ஐ விட மெதுவாப் போகும். அதால முதல் பளிங்கில பிறந்த சோடி கொஞ்சம் முந்தி வெளிய வருது. சாதாரண லேசர் டயோட்டின்ர ஒத்திசைவு நீளம் (அலையின்ர ஒழுங்கு குலையாம இருக்கிற தூரம்) ஒரு மில்லிமீற்றரிலயும் குறைவா இருக்கலாம். அப்ப அந்த முந்தல் பிறந்த இடத்தைக் காட்டிக்குடுத்துவிடும். லேசர்ப் பாதையில தடிச்ச இரட்டைமுறிவுப் பளிங்கொண்டை (முனைவாக்கத்துக்கு முனைவாக்கம் ஒளியின்ர வேகத்தை மாத்திறது) வைச்சு, பிந்தவேண்டிய முனைவாக்கத்தைப் பிந்தவைக்கவேணும். தடிப்பை உங்கட பிபிஓ தடிப்பில இருந்து கணக்கிடுங்கோ. அச்சை 90 பாகை மாறி வைச்சால் விசிபிலிற்றி இன்னும் விழும். அப்பிடி விழுந்தால் அந்தத் தடிச்ச பளிங்கைத் திருப்பி வையுங்கோ.

பிபிஓ ஈரத்தை உறிஞ்சும். எங்கட கடற்காத்தில திறந்து வைச்சால் மேற்பரப்பு மங்கிப்போகும். வேலை முடிஞ்ச உடனே சிலிக்கா ஜெல் போட்ட மூடின பெட்டிக்குள்ள வையுங்கோ.