வாஷிங் மெஷின் எங்களுக்கு, பெட்டி பிள்ளைகளுக்கு

வணக்கம், நேயர்களே. வழக்கமாக நான் ஜன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்துதான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அந்த இடத்தில் உட்கார முடியாது; எனக்குப் பின்னால் உயரமாக நிற்கிறதே, அந்த அட்டைப்பெட்டி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பழைய வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்ற மறுத்த கதையைப் போன காணொளியில் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்குப் பதிலாகப் புதியது வந்துவிட்டது. புதிய மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் துணி துவைக்கிறது, அவ்வளவுதான். இன்றைய பேச்சு முழுவதும் அது வந்த பெட்டியைப் பற்றியது.

வீட்டில் இருப்பவர்களைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு இரண்டரை. சோபாவின் திண்டுகள் தரையிலும், தரையில் கிடக்க வேண்டிய பொம்மைகள் சோபாவிலும் இருப்பதுதான் இங்கே இயல்பு நிலை என்பதைப் பல காணொளிகளில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் ஒருபோதும் குறைபட்டுக்கொண்டதில்லை. இருவரும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே கூடையிலிருந்து கட்டைகளை எடுத்து, ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராமல் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள் என்பதும், அவனுடைய கை அவளுடைய கோபுரத்தின் மேல் படும்போது மட்டும்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை தொடங்கும் என்பதும்தான் என் நெடுநாள் புலம்பல். மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைக் கவனித்து, அவர்கள் மற்றவர்களோடு சேரும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்து 1932-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எதிலும் ஈடுபடாமல் இருப்பது, தனியாக ஆடுவது, பிறர் ஆடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்தபடியே தனித்தனியாக ஆடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கி ஆடுவது, கடைசியாக ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரே ஆட்டத்தைச் சேர்ந்து ஆடுவது. எங்கள் வீட்டுப் பாய் நான்காவது வகையிலேயே அசையாமல் நின்றிருந்தது. பெட்டிக்குள் போன மாத்திரத்தில் இருவரும் ஆறாவது வகைக்குத் தாவிவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் கேமராவை எடுத்தேன்.

ஆனால் பெட்டி இந்த வீட்டில் தங்கியதே ஒரு போராட்டம். மெஷினைப் பொருத்த வந்தவர், பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் என் அம்மா வாசல் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு அட்டைப்பெட்டி என்றாலே ஆகாது. கரப்பான் பூச்சிகளுக்கு நாமே குடியிருப்பு கட்டிக் கொடுப்பதற்குச் சமம் என்பார். நான் சான்றுகளோடு வாதாடினேன். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்றும், அங்குள்ள பொம்மைகளுக்கான தேசியப் புகழரங்கத்தில் 2005-ஆம் ஆண்டு அட்டைப்பெட்டியையும், 2008-இல் வெறும் குச்சியையும், 2011-இல் போர்வையையும் சேர்த்துக் கௌரவித்திருக்கிறார்கள் என்றும் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, அப்படியானால் இதையும் அங்கேயே அனுப்பிவிடு என்றார். அதற்குள் பிள்ளைகள் இருவரும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டதால், தீர்ப்பு எனக்குச் சாதகமாக அமைந்தது.

இனி வெட்டும் வேலைக்கு வருவோம். இந்த அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடுகிறது. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அந்த நெளிகள் மேலிருந்து கீழாக நிற்பதால்தான் அதன் மேல் அவ்வளவு பாரத்தை அடுக்க முடிகிறது. நமக்கு இதனால் என்ன பயன் என்றால், கதவின் கீல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை அந்த நெளிகளே சொல்லிவிடும். நெளி ஓடும் திசையில் அட்டை மிக எளிதாக மடங்கும். ஆகவே பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு மூன்று பக்கங்களை வெட்டிவிட்டு நான்காவதைத் தொடாமல் விட்டாலே போதும். மேல்நோக்கித் திறக்கும் ஜன்னலுக்கு அது போதாது. அங்கே மடிப்பு நெளிகளைக் குறுக்கே கடக்கிறது; அளவுகோலை வைத்து, கரண்டிக் காம்பால் அழுத்திக் கோடு போட்ட பிறகு மடிக்காவிட்டால் அட்டை தன் விருப்பத்துக்கு எங்கெங்கோ நொறுங்கும். இன்னொன்று, கதவைத் தரை வரைக்கும் வெட்டக் கூடாது. நான்கு விரல் உயரத்துக்கு ஒரு நிலைப்படியை விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி தன் சதுர வடிவத்தை இழந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வெட்டுவதற்குப் பிளேடை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டரைத்தான் எடுத்தேன். மழுங்கிய முனையை ஒடித்துவிட்டால் புதுமுனை வந்துவிடும் இந்த ஏற்பாட்டை 1956-ஆம் ஆண்டு ஜப்பானில் கண்டுபிடித்தார்களாம். அவர்களுக்கு என் நன்றி. மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, பிய்க்கத்தான் செய்யும்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையைப் பிரவுன் டேப் வந்து கெடுத்தது. வெட்டிய அட்டையின் விளிம்பு பிள்ளைகளின் கையைக் கீறும் என்பதால் கதவு, ஜன்னல், நிலைப்படி எல்லாவற்றின் ஓரத்திலும் டேப்பை மடித்து ஒட்ட வேண்டியிருந்தது. டேப்பின் நுனி எங்கே இருக்கிறது? உலகத்தில் எத்தனையோ பொருள்களைச் சீர்திருத்திவிட்டார்கள், இந்தச் சுருளின் நுனியை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. நகத்தை வைத்துச் சுருளைச் சுற்றினேன், எதிர்த் திசையில் சுற்றினேன், விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன், நுனி அகப்படவில்லை. அகப்பட்ட பிறகாவது ஒழுங்காக வந்ததா என்றால், ஒரு மூலை மட்டும் கிளம்பி, கோணலாகக் கிழிந்து, நூல் அகலத்துக்கு ஒரு கீற்றாக என் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கீற்றைச் சின்னவன் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தனக்குக் காயம் பட்டிருப்பதாக அறிவித்தான். உடனே பெரியவளுக்கும் காயம் பட்டுவிட்டது. ஆக, கிழிந்த கீற்றுகளுக்கு வீட்டில் நல்ல கிராக்கி. ஒட்ட வேண்டிய அட்டைக்குத்தான் டேப் இல்லை. கடைசியில் என் மனைவி வந்து, ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் நுனியை ஓர் அங்குலம் உள்பக்கமாக மடித்துவிட்டுச் சுருளைக் கீழே வைத்தார். அடுத்த முறை எடுக்கும்போது அந்த மடிப்பு கைப்பிடியாக நின்றது. நுனியைத் தேடியே பாதி வாழ்நாளைக் கழித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒன்றையாவது இந்தக் காணொளியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூசி படிந்த அட்டையில் டேப் நிற்காது என்பதால், ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறுங்கள், ஒன்றைச் சொல்லாமலே வந்துவிட்டேன். வெட்டுவதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை அது. பிள்ளைகளை வெளியே இறக்கிவிட்டு, பெட்டியின் அடி மடிப்புகளில் அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாகக் குறடு கொண்டு பிடுங்கினேன். மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அப்போதே மடித்து அப்புறப்படுத்தினேன். தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும் பொருள் அது. தெர்மாகோல் துண்டுகளும் அப்படித்தான், ஏனென்றால் சின்னவன் இன்னும் எதையும் கடித்துப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறான். ஈரம் உறிஞ்சும் மணிகள் அடங்கிய சிறு பொட்டலத்தையும் கவனமாகத் தேடி எடுங்கள்.

அதோடு டிரான்சிட் போல்ட்டுகள். முன்பக்கம் கதவுள்ள மெஷின்களில், வண்டியில் வரும்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாமல் இருப்பதற்காகப் பின்பக்கத்தில் நீளமான போல்ட்டுகளை முடுக்கியிருப்பார்கள். முதல் துவைப்புக்கு முன்னால் அவற்றைக் கழற்றிவிட வேண்டும், கழற்றியதைத் தூக்கிப் போடாமல் வீடு மாறும் நாளுக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்த வந்தவர் நான்கு போல்ட்டுகளை என் கையில் எண்ணிக் கொடுத்தார். அன்று மாலை மூன்றுதான் இருந்தன. நான்காவது, கப்பலைக் கிளப்பும் சாவியாகப் பெட்டிக்குள் பணியாற்றிக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பழைய பூட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்து அதை மீட்டேன்.

என்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, பேட்டரி போட்டுப் பாடும் பொம்மைகளின் மேல் எனக்குள்ள வெறுப்பு புதிதல்ல. பொத்தானை அழுத்தினால் ஒரே பாட்டு, மறுபடியும் அழுத்தினால் அதே பாட்டு, யாரும் அழுத்தாதபோது நள்ளிரவில் தானாகவே அதே பாட்டு. பொம்மையே எல்லா வேலையையும் செய்துவிட்டால் குழந்தை என்னதான் செய்வது? இந்த வெறுப்பில் விளையாட்டல்லாத ஒரு பகுதியும் உண்டு. இத்தகைய பொம்மைகள் சிலவற்றில் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையான புண் உண்டாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான், பொறுத்துப் பார்ப்பதற்கு இடமில்லை. பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மை எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. சிறிய ரிமோட்டுகளுக்கும் இதே சட்டம்தான்.

சரி, உள்ளே நடப்பதைக் கேளுங்கள். முதலில் அது கப்பல். பெரியவள் கேப்டன். சின்னவனுக்கு என்ன பதவி என்று கேட்டேன். அவன்தான் கதவு என்று பதில் வந்தது. கதவைத் திறப்பவன் அல்லன், கதவே அவன்தான். யாராவது வந்தால் கிரீச்சென்று ஒலியெழுப்பியபடி நகர்ந்து வழிவிட வேண்டும், பிறகு மூடிக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுப்பை அவன் எவ்வளவு சிரத்தையோடு ஏற்றுக்கொண்டான் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் நில் என்று நான் சொன்னால் ஒரு நொடிகூட நிற்காதவன், கதவு என்றதும் அசையாமல் நின்றான். பிறகு கப்பல் மருத்துவமனையாயிற்று. டேப் ஒட்டிய காயங்களுக்கு மேலேயே மறுபடியும் கட்டுப் போட்டார்கள். மருத்துவமனைக்கும் அவன்தான் கதவு. பதவி உயர்வு கேட்டு அழுவான் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. நோயாளி உள்ளே வரும் முன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவனே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டான், அக்கா அதை ஒப்புக்கொண்டாள். அவன் சொன்ன விதியை அவள் ஒப்புக்கொண்டதைத்தான் நான் இவ்வளவு நேரம் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கூடைத் துணியை முழுவதுமாக மடித்து முடித்தேன். முழுவதுமாக, நேயர்களே. இந்த வீட்டில் துணி மடிப்பது எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மடித்து வைத்ததை ஒருவர் தலையில் போட்டுக்கொள்வார், மற்றவர் அந்த அடுக்கின் மேல் குதிப்பார். இந்த முறை சட்டைகள் தனியே, துண்டுகள் தனியே, பிள்ளைகளின் துணிகள் அளவு வாரியாகத் தனியே என்று அடுக்கினேன். காலுறைகளுக்கெல்லாம் ஜோடி கிடைத்தது. ஜோடி சேராத காலுறைகளுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் பை காலியாகிவிட்டது என்று என் மனைவியிடம் காட்டியபோது, பையைத் திருப்பி உதறிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

பிள்ளைகளுக்குத் திரை எவ்வளவு நேரம் காட்டுகிறீர்கள் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ளவர்கள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தாலும் நல்லது என்றும், ஓடியாடி இருக்கும் நேரம் நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடங்களாவது இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வெளியே போக முடியாத நாள்களில் அந்த 180 நிமிடங்கள் எனக்கு மலைப்பாகவே இருக்கும். பெட்டிக்குள் நுழைவது, தவழ்வது, ஜன்னல் வழியாக வெளியேறுவது, மறுபடியும் சுற்றி வந்து கதவின் அனுமதி பெறுவது என்று இப்போது கணக்குப் பார்க்கும் அவசியமே எழவில்லை.

அம்மா ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: ஈரம் பட்டு அட்டை ஊறிப்போன அன்றைக்கே பெட்டி வெளியே போய்விட வேண்டும். ஆகவே தரையைத் துடைக்கும்போது அதைத் தூக்கிப் பாயின் மேல் வைத்துவிடுகிறேன். மாடி ஒன்று கட்டித் தர வேண்டும் என்று பெரியவள் விண்ணப்பித்திருக்கிறாள். அட்டையின் மேல் ஆள் ஏறக் கூடாது என்பதால் அதை மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக மேல்மூடியில் வட்ட வட்டமாகத் துளைகள் போட்டுக் கொடுத்ததில், உள்ளே வெளிச்சமும் காற்றும் நன்றாக வருகின்றன.

பெட்டியின் உள்பக்கத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்பீர்கள். கேமராவோடு உள்ளே போக முயன்றேன். கதவு என் பெயரைக் கேட்டது, சொன்னேன். உள்ளே கேப்டனிடம் ஏதோ ஆலோசனை நடந்தது. பெரியவர்களுக்கு இன்றைக்கு இடமில்லை என்று பதில் வந்து, கதவு கிரீச்சென்று மூடிக்கொண்டது. நாளைக்கும் கேட்டுப் பார்க்கிறேன். அனுமதி கிடைத்தால் அடுத்த காணொளியில் உள்ளே இருந்தே பேசுகிறேன். வணக்கம்.