ஆச்சி பார்த்த படம்

(தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஜாம் போத்தல் விளக்கை இங்கே இருக்கிற மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு மெல்லிய திரி. போத்தலே சிமிலி. அந்த வெளிச்சம் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்குத்தான் காணும். வாசிக்க வாசிக்கப் போத்தலைக் கீழே நகர்த்திக்கொண்டே போகவேண்டும்.

எங்கள் ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நான் வாசிப்பேன், ஆச்சி பாக்கு இடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று உரல் நிற்கும்.

“நில் மோனை. மழை பெஞ்சது எண்டு வாசிச்சனியெல்லே? அப்ப கொடியிலை கிடந்த உடுப்பை ஆர் எடுத்தது?”

கதையில் கொடியும் இல்லை, உடுப்பும் இல்லை. ஆச்சி கண்ட முற்றத்தில் இரண்டும் இருந்தன.

அதே காலத்தில்தான் ஊரில் படமும் போடுவார்கள். யாராவது ஜெனரேற்றர் ஒழுங்கு செய்து, ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். அந்த இரவுகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஷெல் விழுந்த காலத்தில் ஒரு ஊரே சேர்ந்து சிரித்த இரவுகள் அவை. ஆச்சி மட்டும் வரமாட்டார். அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, “என்ன படம், சொல்லு” என்பார்.

சொல்லுவேன். “பெரிய வீடு ஆச்சி” என்றால், “சங்கக்கடைக்குப் பக்கத்திலை இருக்கிற கல்வீடு மாதிரியோ?” என்று கேட்பார். “அதைவிடப் பெரிசு.” “அப்ப மாடியோ?” இப்படிக் கேட்டுக் கேட்டே வீட்டைக் கட்டி முடித்துவிடுவார். ஒரு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டு மாமிக்கு அதே கதையை ஆச்சி சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அதில் கதாநாயகி கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளினாள். நான் பார்த்த படம் நகரத்தில் நடந்தது, அங்கே துலா ஏது? ஆனாலும் நான் திருத்தவில்லை. ஊர் முழுக்க ஒரே படத்தைப் பார்த்தபோது, ஆச்சி ஒருவர்தான் தன்னுடைய படத்தைப் பார்த்தவர்.

திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரண்டு மணித்தியாலப் படத்தில் 1,72,800 படங்கள். அவற்றில் ஒன்றுகூட எங்களுக்காக நிற்பதில்லை. வாசிக்கும்போது கண் ஒரு சொல்லில் ஏறக்குறைய கால் செக்கன் தங்கி அடுத்த சொல்லுக்குப் பாய்கிறது. வேண்டுமென்றால் திரும்பி வரலாம், ஒரு வரியிலேயே அரை மணித்தியாலம் நிற்கலாம். அந்த நிற்றலில்தான் எங்கள் சொந்தச் சரக்கு உள்ளே வருகிறது. ஆச்சியின் உடுப்புக் கொடி வந்ததும் அப்படித்தான்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஒருமுறை குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல எங்கள் நெஞ்சங்கள் கலந்தன என்று காதலன் சொல்லும் பாட்டு. பாடியவரின் பெயரே தெரியாமல் போய், பாட்டில் உள்ள “செம்புலப் பெயல்நீர்” என்ற சொல்லே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. பாட்டில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை, அவனுடைய உயரம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. மண்ணும் நீரும் மட்டும்தான். தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன் எழும்பி, “சேர், எங்கடை மண்ணிலை மழை பெஞ்சாத் தண்ணி உடனை கீழை போயிடும். நிறமும் மாறாது” என்றான். அவன் சொன்னது சரிதான். அவன் வளர்ந்தது வெள்ளை மணலில்.

அப்போது உரும்பிராய்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, நான் கேட்காமலே சொன்னாள். “எங்கடை செம்பாட்டு மண்ணிலை மழைக்கை விழுந்தா வெள்ளைச் சட்டை சிவந்துபோம் சேர். அம்மா எத்தினை தரம் தோய்ச்சாலும் அந்தக் கறை போகாது.”

நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீரிலிருந்து மண்ணைப் பிரிக்கமுடியாது என்று நான் பல வருடமாகச் சொல்லிவந்தேன். தோய்த்தாலும் போகாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் பள்ளிச் சட்டையிலிருந்து வந்த உரை அது. அதே பாட்டை ஒரு காணொளியாக எடுத்து, அழகான ஒரு நிலத்தையும் இரண்டு நடிகர்களையும் காட்டியிருந்தால், அவளுடைய சட்டை அந்தப் பாட்டுக்குள் வந்திருக்குமா? வந்திராது என்றே நினைக்கிறேன்.

கண்ணால் பார்ப்பதெல்லாம் கற்பனைக்குப் பகை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கோயில் சூரன்போரை எண்ணிப் பாருங்கள். சூரன் மாமரமாகிக் கடல் நடுவே நிற்கிறான். வீதியில் கடலா இருக்கிறது? ஒரு மாங்கொப்பைக் காட்டுவார்கள். மிச்சக் கடலையும் மரத்தையும் அங்கே நிற்கிற சனம் தானே பார்த்துக்கொள்ளும். காட்டுகிறவர் எங்களுக்கென்று எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

வாசிக்கும்போது மனதில் படமே தோன்றாத மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு நாவலை வாசித்து அழுகிறார்கள். இன்னொருவர் நெஞ்சுக்குள் போய் நிற்பதும் கற்பனைதான், அதற்குப் படம் கட்டாயம் இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அண்மையில் ஏழாம் வகுப்பில் பேய் ஒன்றை வரையச் சொன்னேன். அரைவாசிக்கு மேற்பட்ட கொப்பிகளில் ஒரே பேய். வெள்ளை உடுப்பு, முகத்தை மூடிய கறுத்தத் தலைமயிர். யூரியூப்பில் பார்த்த பேய். என் காலத்தில் புளியமரத்துக்கு ஒரு பேய், பாழுங்கிணற்றுக்கு ஒரு முனி, பனங்கூடலுக்கு இன்னொன்று. ஒருவன் கண்டது மற்றவனுக்குத் தெரியாது, அதனால் சொல்லியே ஆகவேண்டும். சொல்லப் பழகினோம். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? எல்லோரும் ஒன்றைத்தானே பார்த்திருக்கிறார்கள். பிள்ளை சாப்பிடவேண்டும் என்பதற்காகப் போனைக் கையில் கொடுக்கும் தாய்மாரை நான் குற்றம் சொல்லவில்லை. உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். இரவில் பத்து நிமிடம் மட்டும் கேட்கிறேன். வாசித்துக் காட்டுங்கள்.

இது புதுப் பழக்கமும் அல்ல. கோயிலில் புராணபடிப்பு நடக்கும்போது ஒருவர் கந்தபுராணத்தை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். ஒரு செய்யுள், பிறகு பொருள், பிறகு அடுத்த செய்யுள். அந்த இடைவெளியில் கேட்கிறவர் மனம் ஓடித் திரும்பும். ஆச்சியின் “நில் மோனை” அங்கே பழகியதாகத்தான் இருக்கவேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம் வளர்ந்து, 1959இல் அந்த வெள்ளைக் கட்டடமாக எழுந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இன்று கட்டடம் திரும்ப நிற்கிறது, நூல்களும் வந்திருக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் சிறுவர் பகுதியை எட்டிப் பார்ப்பேன். ஒரு பிள்ளை தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தால், எனக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

இனி நான் பேசப்போவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு சிறுகதையின் முதல் இரண்டு பக்கத்தை வாசிக்கப்போகிறது. கதையில் ஒரு கிணறு வருகிறது. அது வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று எழுதியவர் சொல்லவில்லை. போன்களை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். முடிந்ததும் உங்கள் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பாயில் இருக்கிற பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம்.

வா மோனை, மைக்கைப் பிடி. அவசரப்படாமல் வாசி. இடையில் ஆராவது கேள்வி கேட்டால், நில்.