கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதங்களும் வயதானவர்களின் மூளையும்

வணக்கம். மொரீஷியஸில் நம் வீடுகளில் 70 வயதைத் தாண்டியவர்கள் கூடினால் சர்க்கரை, கொலஸ்ட்ரால் பேச்சு வராமல் இருக்காது. ஆனால் கொலஸ்ட்ராலுக்கும் மறதி நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். இன்றைக்கு அதை மட்டும் பார்ப்போம்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைக்கு அது கட்டாயம் வேண்டும். அதாவது கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் இல்லை. அது ரத்தத்தில் கரையாது, அவ்வளவுதான், அதனால் சுமந்து போகப் புரதம் தேவை.

[திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எல்டிஎல், எச்டிஎல் வரிகள் பெரிதாக]

‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்று சொல்கிற எல்டிஎல், ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று சொல்கிற எச்டிஎல், இரண்டும் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்கள். எல்டிஎல் துகள் ஒவ்வொன்றிலும் ‘அப்போ பி’ என்ற புரதம் ஒன்று இருக்கும், எச்டிஎல்லில் முக்கியமானது ‘அப்போ ஏ1’. இந்த எல்டிஎல் மூளைக்குள் போவதில்லை. போர்ட் லூயிக்கு வந்த சரக்குக் கப்பல் மலையேறி க்யூர்பிப் வரை வராது இல்லையா, அதுபோலத்தான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது, உள்ளே அதைச் சுமப்பது பெரும்பாலும் ‘அப்போ ஈ’.

இந்த அப்போ ஈ மரபணுவில் 2, 3, 4 என்று மூன்று வகை உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். 4-ஆம் வகை இருந்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதக் கசடை அது சரியாக அப்புறப்படுத்துவதில்லை. ஆனால் 4 இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, இல்லாதவர்களுக்கும் வரலாம், அதனால் அந்த மரபணு டெஸ்டுக்கு ஓட வேண்டாம்.

சரி, எல்டிஎல் உள்ளே போகாது என்றால் கவலையே வேண்டாமா? வேண்டும். அது ரத்தக் குழாய்களை அடைக்கிறது, மூளை வாழ்வதே அந்தக் குழாய்களை நம்பித்தான். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நடுவயதில் எல்டிஎல் கூடியிருப்பதை டிமென்ஷியாவின், அதாவது மறதி நோயின், தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நடுவயதில் என்பதைக் கவனியுங்கள். 80 வயதில் கொலஸ்ட்ரால் எண் குறைந்திருப்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை, சிலருக்கு டிமென்ஷியா வெளியே தெரிவதற்கு முன்பே எடையும் கொலஸ்ட்ராலும் தானாக இறங்கத் தொடங்கிவிடுகின்றன.

அப்புறம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. மறதி வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. 70 முதல் 82 வயது வரை உள்ள 5,804 பேரிடம் நடந்த ‘ப்ராஸ்பர்’ ஆய்வில், மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்தும், அந்த மாத்திரை நினைவாற்றலைக் கெடுக்கவில்லை, கூட்டவும் இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

[திரையில்: சமையல் எண்ணெய், கொதிக்கும் சட்டியில் கத்தோ பிமான் (நம்மூர் மிளகாய்-பருப்பு வடை)]

நம் தீவிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்ததை அரசு சோயா எண்ணெயாக மாற்றியது, கூடவே நோய்த் தடுப்புப் பிரசாரமும் நடந்தது. 1987-இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்த மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 1992-இல் 4.7 ஆனது. அதனால் தாத்தா பாட்டியின் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது, 45 வயதில் இருக்கும் மகனும் மருமகளும் தங்கள் எல்டிஎல்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.