பெயரைப் போட்டதால் வந்த சண்டை

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.

ஆரம்பகால இஸ்லாமிய வரலாற்று நூல்களைத் தாங்கி நிற்பது கதைச் சுவையா, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசையா? வரிசைதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி வெறும் பெயராகப் போகிறது. நான் தாண்டித்தான் படிப்பேன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்தேன்.

அண்ணே, பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போகட்டும், அப்புறம் பாருங்கள்! பெரியப்பா மண்டபத்துப் பக்கம் எட்டிப்பார்ப்பாரா? அந்த வரலாற்று நூல்களிலோ பெயரைப் போட்டதால் சண்டை.

நபிகள் நாயகத்தின் (ஸல்) வரலாற்றைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் மதீனாக்காரர். ஃபாத்திமா பின்த் அல்முன்திர் என்ற அம்மையாரிடம் கேட்டதாக ஒரு செய்தியை அறிவித்தார். அது அந்த அம்மாவின் கணவர் ஹிஷாம் இப்னு உர்வா காதுக்குப் போயிற்று. அவரும் பெரிய அறிஞர்தான். ஆனால் கணவர் அல்லவா! "என் மனைவியை இவர் எப்போது பார்த்தார்?" என்று கொதித்துவிட்டார். கவனியுங்கள், செய்தி சரியா தப்பா என்று கேட்கவில்லை. எப்போது பார்த்தார்!

இப்னு இஸ்ஹாக் சுமார் 767-இல் இறந்துபோனார். விட்டார்களா? 780-இல் பிறந்த நபிமொழி அறிஞர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் வரைக்கும் வழக்கு போனது. அவர் சொன்ன பதில்: "வந்து அனுமதி கேட்டிருக்கலாம், அந்த அம்மா அனுமதி தந்திருக்கலாம், கணவருக்குத் தெரிந்திருக்காது." கணவருக்குத் தெரிந்திருக்காது! நடுவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வீடு அப்படித்தான் போல.

ஒரு பெயருக்கு இத்தனை விசாரணை, அண்ணே. சுவையான கதை என்று யாராவது சும்மா விட்டார்களா?

சரி, யார் இந்த ஃபாத்திமா? அஸ்மாவின் பேத்தி. நபிகள் நாயகம் (ஸல்) மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத் பயணத்துக்குச் சாப்பாடு தயார் செய்துவிட்டு, கட்ட ஒன்றும் கிடைக்காமல், தன் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து, ஒன்றால் தண்ணீர்த் தோல்பையையும் மற்றதால் உணவுப் பையையும் கட்டிக்கொடுத்தாரே, நபிகளாரின் தோழர் அபூபக்ரின் மகள், அந்த அஸ்மா. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அறிவிப்பவர் யார்? அதே ஹிஷாம்! "என் தந்தை சொன்னார், ஃபாத்திமாவும் எனக்குச் சொன்னார்" என்று சபையறிய மனைவி பெயரைச் சொல்கிறார். அஸ்மா அவருக்கும் பாட்டிதான். ஆனாலும் "எனக்கே தெரியும்" என்று சொல்லவில்லை, பாருங்கள். அந்தப் பாட்டி பட்ட பாட்டை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் பேத்தி. நீங்கள் தாண்டிக் குதித்த வரியில்தான் அண்ணே அவள் இருக்கிறாள்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி.