காய்க்கடைத் தராசும் நம்ம மானமும்

வணக்கம் மக்களே! பாவூர்ச்சத்திரம், செங்கோட்டை, புளியரை பக்கம் காய்கறி யாவாரம் பண்றவங்களுக்காக இன்னைக்குப் பேசுறேன். நம்ம சரக்கு ஆரியங்காவு தாண்டி புனலூர், கொல்லம்னு போகுது. மரியாதையா வாழணும்னு எல்லாரும் நினைக்கோம். கடைக்காரருக்கு அந்த மரியாதை தராசுத் தட்டுலதான் இருக்கு.

கடை திறந்ததும் எலக்ட்ரானிக் தராசுல மட்டம் பாருங்க. சின்னக் குமிழி ஒண்ணு இருக்கும், அது வட்டத்துக்கு நடுவுல நிக்கணும். நிக்கலைன்னா தராசுக்கு அடியில இருக்கிற காலைத் திருகிச் சரிபண்ணுங்க. அப்புறம் அரசாங்க முத்திரை போட்ட 1 கிலோ படிக்கல்லைத் தட்டுக்கு நடுவுல வைங்க, பிறகு நாலு மூலையிலயும் ஒவ்வொண்ணா வைங்க. அஞ்சு இடத்துலயும் ஒரே எடை வரணும். ஒரு மூலையில குறைஞ்சா தட்டைக் கழத்திப் பாருங்க. அடியில வெங்காயச் சருகும் மண்ணும் அடைஞ்சு, பாரத்துல கொஞ்சத்தை அதுவே தாங்கிக்கிடும். ஃபேன் காத்து நேரா அடிச்சாலும் எண் ஆடும்.

இது முக்கியம், நிறைய பேர் கவனிக்கிறதில்ல. 5 கிராம் 5 கிராமா ஏறுற தராசுல 100 கிராமுக்குக் கீழ நிறுக்கக் கூடாது. காய்க்கடைத் தராசு எத்தனை கிராமா ஏறுதோ, அது மாதிரி 20 மடங்குதான் அதுல நிறுக்கிற குறைஞ்சபட்ச எடை. அதுல 50 கிராம் ஏலக்காய் நிறுத்தா ரெண்டரை கிராம் வரைக்கும் கூடவோ குறையவோ போயிடலாம். ஏலக்காய் விக்கிற விலைக்கு அது யாரோ ஒருத்தர் காசு. 1 கிராம் தராசு ஒண்ணு தனியா வாங்கி வைங்க.

முத்திரை, எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம், இரும்புப் படிக்கல்லுக்கு 2 வருஷத்துக்கு ஒருக்க. சான்றிதழைக் கண்ணுல படுற மாதிரி மாட்டுங்க.

இப்ப சாக்குக்கு வருவோம். விவசாயிகிட்ட வாங்குறப்ப 'மூட்டைக்கு இவ்வளவு கழிவு'ன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கழிக்கிறது நியாயமே இல்ல. அவர் வெயில்ல நின்னு பறிச்ச காய் அது. காயைக் கொட்டினதும் வெறுஞ்சாக்கை நிறுத்து, அந்த எடையை மட்டும் கழிங்க. காஞ்ச சாக்கும் நனைஞ்ச சாக்கும் ஒரே எடை இல்ல, அதனால ஒவ்வொரு லோடுக்கும் நிறுக்கணும். வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் ஒரே தராசு வைங்க. கீரையில தண்ணி தெளிச்சா உதறிட்டு நிறுங்க.

மலையாளத்துல எடைக்கு 'தூக்கம்'னு பேரு. கேரளாக்காரங்க வந்து 'தூக்கம் எத்ர?'ன்னு கேட்டா, வாயால சொல்லாதீங்க. எண் தெரியுற பக்கத்தை அவங்களை நோக்கித் திருப்புங்க. பாஷை தெரியாதவங்ககிட்டத்தான் நம்ம குணம் தெரியும்.

சாயங்காலம் கணக்குப் பார்க்கையில குறைச்சு நிறுத்தது தெரிஞ்சா, பற்று நோட்டுல தேதி, காய், எத்தனை கிராம், எவ்வளவு ரூபாய்னு அப்பவே எழுதிருங்க. மறுநாள் அவங்க கேக்குறதுக்கு முன்னாடி காசாவே கொடுத்துருங்க. கூட ஒரு கைப்பிடி காய் போட்டுச் சரிக்கட்டாதீங்க, அவங்களுக்கு நடந்தது தெரியணும். 'நேத்து 200 கிராம் குறைஞ்சிருச்சு அண்ணாச்சி, இந்தாங்க காசு.' இவ்வளவு சொன்னாப் போதும்.

கடையில நிக்கிற பையனுக்கும் ஒண்ணு பழக்கிக் கொடுங்க. திரையில 0 வந்ததை வாங்குறவர் பார்த்த பிறகுதான் தட்டுல காய் விழணும்.